ஆறு பத்து

என் வேலை வானத்தை
ஐந்தைந்து நிமிடமாக நறுக்குவது.
வலசை ஏர், கால அட்டவணைப் பிரிவு,
மீனம்பாக்கம், மூன்றாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே திரிசூலம் மலை.
ஜன்னல் திறக்காது.

காலை ஆறு பத்து ஒரு நிலம்.
டில்லியில் மீட்டிங் முடித்து
ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள்
விலை கேட்காமல் வாங்கும் ஒரே நிலம்.
பட்டா கிடையாது.
அனுபவ பாத்தியதைதான்.

முன்பு அது மேகலா ஏர்லைன்ஸிடம் இருந்தது.
எங்கள் எம்.டி. அருணகிரி அதைப் பிடித்ததை
வியூகம் என்று எழுதினார்கள்.
நான் பார்த்தது இவ்வளவுதான்:
அமைச்சரின் ஊருக்கு ஒரு விமானம் விட்டோம்.
குறுங்காவூர்.
ஆட்டை விரட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.
எழுபது இருக்கை, பதினோரு பேர்,
அதில் நாலு பேர் அமைச்சரின் மாமனார் வீடு.
அந்த நஷ்டத்துக்கு எக்செலில்
நான் வைத்த தலைப்பு: இதர.

மேகலாவின் ரெஜினா பர்னாந்து சும்மா இருப்பாரா?
தூத்துக்குடியில் தோணி விட்ட குடும்பம்,
காற்று திரும்புவது முதுகில் தெரியும்.
மதுரைக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றார்.
நாங்கள் அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்;
வானம் ரெண்டுபட்டதில்
கிளாம்பாக்கம் போகிற ஆட்டோக் காசில்
மதுரைக்கே போனார்கள் ஜனங்கள்.

எண்ணெய்க் கம்பெனி கடனை நிறுத்தியது.
ஒன்றின் எஞ்சினைக் கழற்றி
இன்னொன்றுக்கு மாட்டினோம்.
கழற்றப்பட்டது ஹாங்கர் ஓரத்தில் நிற்கிறது
மூக்கில் பாலிதீன் சுற்றிக்கொண்டு.
சம்பளம் பதினெட்டாம் தேதி வந்தது.
அந்த மாதம் அருணகிரி டில்லியில் பத்தொன்பது நாள்.
"ஒரு எஞ்சின் றெக்கைக்குக் கீழ,
இன்னொண்ணு டில்லியில" என்பார்
விருந்துகளில், இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு.

பிறகு போகி வந்தது.
பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர்
பழைய பாயைக் கொளுத்தின. டயரையும்.
நாலரைக்கு ஓடுபாதை தெரியவில்லை.
ஐந்தரைக்கு விமானமே தெரியவில்லை.
ஆறு பத்து வந்தது, கொஞ்சம் நின்றது,
யாருடையதாகவும் இல்லாமல் போயிற்று.

அருணகிரி போனில் இருந்தார்.
"ஏதாவது பண்ண முடியுமாண்ணே?"
புகை எந்த இலாகா என்று
அந்தப் பக்கமும் தெரியவில்லை போலிருக்கிறது.

லவுஞ்சில் நாலு நாற்காலி தள்ளி ரெஜினா.
ரெண்டு வருஷமாக வக்கீல்கள் வழியாக மட்டும்
பேசிக்கொண்டவர்கள்.
காபி மெஷின் ரிப்பேர் என்று ஒருவர் சொன்னார்,
யார் என்று கவனிக்கவில்லை.
சித்திரையில் மும்பைக்காரன் ஒருவன்
முப்பது புது விமானத்தோடு சென்னைக்கு வருகிறானாமே
என்று மற்றவர்.
நாலு நாற்காலி ஒன்றானது.
எட்டு இருபதுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
"லேப்டாப் இருக்கா?"

அமைச்சகத்துக்குக் கடிதம்.
புதியவர்களை அவசரப்பட்டு அனுமதித்தால்
பயணிகளின் பாதுகாப்பு என்னாவது?
பயணிகள் என்ற சொல் ஏழு தடவை வந்திருந்தது.
ரெஜினா எண்ணிப் பார்த்து எட்டாக்கினார்.
ஆரோக்கியமான போட்டி என்று ஒரு வரி
சேர்க்கச் சொன்னார் அருணகிரி.
அந்த இடத்தில் யாராவது சிரிப்பார்கள் என்று
காத்திருந்தேன்.

கட்டணம் பற்றிக் கடிதத்தில் எதுவும் இல்லை.
பொங்கல் முடிந்ததும்
மதுரை மூவாயிரத்து இருநூறு ஆயிற்று,
இரண்டு கம்பெனியிலும்,
இருபது நிமிட வித்தியாசத்தில்.

ஒன்பது நாற்பதுக்கு
மலையின் முதுகு தெரியத் தொடங்கியது.
முதலில் கிளம்பியது குறுங்காவூர்.
உள்ளே கரும்பு ஏற்றக் கூடாது என்று தகராறு செய்து
ஏற்றினோம்;
மாமனார் வீட்டுக் கரும்பு.
டில்லிக்காரர்கள் நூற்று எண்பது பேர்
கண்ணாடி வழியே அதன் தோகையைப் பார்த்தார்கள்.

டில்லி விமானம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில் படிவம் கேட்கிறது:
வானிலையா, தொழில்நுட்பமா, இதரவா?

இதர.